பழைய செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கியிருக்கிறேன். விண்டோஸ் படுத்துவிட்டால் மீட்டெடுக்க முன்கூட்டியே என்னென்ன தயார் செய்து வைக்க வேண்டும்?

கடைக்காரர் சொன்ன அந்த எஃப்11 கதையை முதலில் மறந்துவிடுங்கள்.

திங்க்பேட் டி450, பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புது எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 10 ஏற்றித் தந்தார்கள், "ஏதாவது ஆனால் எஃப்11 அழுத்துங்கள், பழையபடி வந்துவிடும்" என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பெனி கொடுத்த மீட்புப் பகுதி அந்தப் பழைய ஹார்டு டிஸ்கில்தான் இருந்திருக்கும், டிஸ்க் கழன்றபோதே அதுவும் போயிற்று. இப்போது எஸ்எஸ்டியில் ஒரு மீட்பு பார்ட்டிஷன் தெரிந்தால் அது விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்டது, சில நூறு எம்பிதான். ரிப்பேர் கருவிகள் இருக்குமே தவிர முழு விண்டோஸ் அதில் இருக்காது. அந்தச் சின்னதையும் ரொம்ப நம்ப முடியாது. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட், மீட்பு பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் வேண்டும் என்று கேட்டு, பலருடைய கணினியில் ஏறாமல் திரும்பத் திரும்ப எர்ரர் காட்டியது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 11க்கு வந்த ஒரு அப்டேட் மீட்புத் திரையில் யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் முடக்கிவிட்டது, அப்புறம் அவசரமாக இன்னொரு அப்டேட் விட்டுச் சரி செய்தார்கள். அதெல்லாம் போகட்டும், எஸ்எஸ்டியே செத்தால் அதற்குள் இருக்கும் மீட்புப் பகுதியை வைத்து என்ன செய்வது? அதனால் மீட்பதற்கு வேண்டியது எல்லாம் லேப்டாப்புக்கு வெளியே இருக்க வேண்டும். நான் பழைய லேப்டாப் யாருக்கு வாங்கிக் கொடுத்தாலும் இப்படித்தான் செய்கிறேன்.

இரண்டாவது, கடையில் போட்டுத் தந்த விண்டோஸை அப்படியே பேக்கப் எடுத்து வைக்காதீர்கள். ஒரே இமேஜை (விண்டோஸ் போட்ட டிஸ்கின் முழு நகல்) வரும் லேப்டாப்பில் எல்லாம் கொட்டித் தரும் கடைகள் உண்டு, அதற்குள் எந்தத் திருட்டு கிராக் இருக்கிறது, ஆன்டிவைரஸில் எந்த ஃபோல்டரைப் பார்க்காமல் விடச் சொல்லியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் நல்லது, அது பெரும்பாலும் மதர்போர்டோடு ஒட்டிய உரிமம். அதே பதிப்பைப் புதிதாகப் போட்டு இன்டர்நெட் கொடுத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ஏதோ நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை என்று காட்டினால் அது கேஎம்எஸ் வகை, அதாவது நிறுவனங்கள் மொத்தமாக ஆக்டிவேட் செய்யும் முறை, 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, உங்கள் பேரில் உரிமம் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பல பிராண்டட் லேப்டாப்களில் விண்டோஸ் கீ, பயாஸுக்குள்ளேயே (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) பதிந்து வருகிறது, அடியில் ஸ்டிக்கர் இல்லையே என்று பதறத் தேவையில்லை.

அடுத்து பயாஸ். இதை இன்றே பாருங்கள், கடையில் திருப்பிக் கொடுக்க முடிகிற நாளுக்குள். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தினால் பயாஸ் திறக்கும். பாஸ்வேர்டு கேட்டால் அது ஏதோ ஆபீஸில் போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. திங்க்பேடில் உள்ளே இருக்கும் காயின் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அது அழியாது, கம்பெனி சொல்லும் அதிகாரபூர்வ வழி மதர்போர்டையே மாற்றுவதுதான். பூட் வரிசையைக்கூட (எந்த டிரைவிலிருந்து முதலில் கிளம்ப வேண்டும் என்பதை) உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாத லேப்டாப்பில் வேறு என்ன தயார் செய்து என்ன பயன்? பாஸ்வேர்டு எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாற்றிக் கேளுங்கள்.

சரி, இப்போது பென் டிரைவ். விண்டோஸ் போடும் பென் டிரைவைச் செய்து தரும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலுக்கு 8 ஜிபி போதும், ஆனால் நான் 32 ஜிபி ஒன்று வாங்கி வென்டாய் என்ற மென்பொருளைப் போட்டுவிடுவேன். அதை ஒருமுறை போட்டுவிட்டால் ஐஎஸ்ஓ ஃபைல்களை (ஒரு முழு இன்ஸ்டால் டிஸ்க் ஒரே ஃபைலாக இருப்பது) சாதாரணமாக காப்பி செய்து வைத்தாலே போதும், பூட் ஆகும்போது எது வேண்டும் என்று மெனு காட்டும். அதில் மூன்று ஐஎஸ்ஓ: விண்டோஸ் 10 (அதே மீடியா கிரியேஷன் டூலில் ஐஎஸ்ஓவாக இறக்கலாம்), லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்), ரெஸ்க்யூசில்லா (டிஸ்கை முழுதாக இமேஜ் எடுக்கும் கருவி). வென்டாய் போடும்போது பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கல்யாண போட்டோ இருக்கிற பென் டிரைவை எடுத்துவிடாதீர்கள். விண்டோஸிலேயே ரெக்கவரி டிரைவ் செய்யும் வசதியும் இருக்கிறது, 16 ஜிபி கேட்கும், செய்து முடிக்க நேரமும் இழுக்கும், வருடத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்யச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை.

செய்த கையோடு அதில் பூட் ஆகிப் பாருங்கள். திங்க்பேடில் ஆன் செய்து லோகோ வரும்போது எஃப்12. டெல்லிலும் எஃப்12தான், எச்பியில் எஃப்9. இங்கே ஒரு சிக்கல் வரும். பழைய லேப்டாப்களில் லெகஸி (பழையது), யூஈஎஃப்ஐ (புதியது) என்று இரண்டு வகை பூட் உண்டு, டி450லும் இரண்டும் இருக்கின்றன. விண்டோஸ் ஒரு வகையில் போட்டிருக்க, பென் டிரைவை இன்னொரு வகையில் பூட் செய்தால் ரிப்பேர் கருவி கையை விரித்துவிடும், இன்ஸ்டால் செய்யப் போனால் இந்த டிஸ்கில் போட முடியாது என்று சொல்லும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோட் என்ற வரியைப் பார்த்தால் இப்போது எது என்று தெரியும். புதிதாகப் போடத்தான் போகிறீர்கள் என்பதால் யூஈஎஃப்ஐக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால் வென்டாய் முதல் தடவை தன் சாவியைப் பதியச் சொல்லி ஒரு நீலத் திரை காட்டும், அது எர்ரர் இல்லை.

பிறகு பழையதை முழுக்க அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அழிக்கும் முன் லெனோவோ தளத்திலிருந்து இந்த மாடலுக்கான வைஃபை, லேன் டிரைவர்களை இறக்கி அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். விண்டோஸ் 10 பெரும்பாலும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், கண்டுபிடிக்காத நாளில் இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும் என்று மாட்டிக்கொள்வீர்கள். அப்படி மாட்டினாலும் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் சமாளித்துவிடலாம்.

அப்டேட் எல்லாம் ஏற்றி, ஆக்டிவேட் ஆகி, உங்களுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் போட்டு முடித்த பிறகு, சொந்த ஃபைல்களைக் கொண்டுவந்து நிரப்புவதற்கு முன், பென் டிரைவிலிருந்து ரெஸ்க்யூசில்லாவில் பூட் ஆகி மொத்த எஸ்எஸ்டியையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் இமேஜ் எடுங்கள். உண்மையான மீட்பு இதுதான், மற்றதெல்லாம் இதற்குத் துணை. என்ன கெட்டுப்போனாலும் அந்த இமேஜைத் திருப்பி இறக்கினால் புதிதாகப் போட்ட நாள் மாதிரியே நிற்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க் இல்லையென்றால் கடையில் கழற்றிய அந்தப் பழைய ஹார்டு டிஸ்கைக் கேட்டு வாங்கி ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பார்த்துவிட்டு. மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால் வேண்டாம். இன்னொன்று, 256 ஜிபி எஸ்எஸ்டியில் எடுத்த இமேஜை 240 ஜிபியில் இறக்கப் போனால் ஒத்துக்கொள்ளாது. பின்னால் எஸ்எஸ்டி மாற்றினால் அதே அளவோ பெரிதோ வாங்குங்கள்.

உங்கள் சொந்த ஃபைல்கள் இந்த இமேஜில் இருக்காது. அவற்றைத் தனியாக காப்பி எடுங்கள், அடிக்கடி. விண்டோஸ் கிளம்பாமல் நின்றுவிட்டால் மின்டை பென் டிரைவிலிருந்தே ஓட்டி சி டிரைவைத் திறந்து ஃபைல்களை எடுக்க முடியும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை இப்போதே ஆஃப் செய்யுங்கள், அது இருந்தால் விண்டோஸ் முழுதாக ஷட்டவுன் ஆகாது, லினக்ஸில் அந்த டிரைவைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது.

பிட்லாக்கர் (டிரைவை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) ஆனில் இருந்தால் இப்படி லினக்ஸிலிருந்து ஃபைல்களை எடுப்பது சாவி இல்லாமல் நடக்காது. அந்த 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றபோது, தவறான ஃபைலை அழிப்பது எளிதாகத்தான் இருந்தது, பல இடங்களில் இந்தச் சாவியைத் தேடியே நேரம் போயிற்று. சிஸ்டம் ரெஸ்டோரையும் ஆன் செய்து வையுங்கள், மோசமான டிரைவர் ஏறினால் பின்வாங்க உதவும், அவ்வளவுதான் அதன் எல்லை.

டி450 ஐந்தாம் தலைமுறை இன்டெல், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு அறிவித்த நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை, அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிய வேண்டும். பிரவுசரும் ஆபீஸ் வேலையும்தான் என்றால் மின்டையே நிரந்தரமாகப் போட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம், இந்த லேப்டாப்பில் நன்றாக ஓடும். டேலி மாதிரி விண்டோஸை விட முடியாத காரணம் இருந்தால் மட்டும் நீட்டிப்பில் பதியுங்கள்.

பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று தெரியாத லேப்டாப் என்பதால் இமேஜ் எடுக்கும்போதும் இறக்கும்போதும் சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். லேப்டாப்பை அணைத்து ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போனால் உள்ளே இருக்கும் காயின் பேட்டரி காலி. கம்பியோடு வரும் சிஆர்2032 கேட்டு வாங்கி மாற்றுங்கள், தேதி தப்பாக இருந்தால் ஆக்டிவேஷனும் நடக்காது, பாதி வெப்சைட்டும் திறக்காது.