டெக்ஸ்ட்பாக்ஸில் திருத்தியது ஏன் டேட்டாபேஸைச் சென்றடையவில்லை?

விண்டோஸ் ஃபார்ம்ஸ் செயலியில் டெக்ஸ்ட்பாக்ஸை டேட்டாபேஸுடன் பைண்ட் செய்த (பிணைத்த) பிறகும், திருத்திய மதிப்பு மறுமுறை திறக்கும்போது பழையபடியே இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் டெக்ஸ்ட்பாக்ஸ் டேட்டாபேஸுடன் இணைக்கப்படவே இல்லை என்பதுதான் காரணம். அது பிணைந்திருப்பது நினைவகத்தில் உள்ள டேட்டாடேபிள் என்னும் நகலுடன் மட்டுமே. டேட்டாபேஸுக்கும் அந்த நகலுக்கும் இடையே தரவைக் கொண்டுசெல்வது டேபிள்அடாப்டர். அதன் ஃபில் மெத்தட் நகலை நிரப்பியதும் இணைப்பை மூடிவிடுகிறது.

டெக்ஸ்ட்பாக்ஸுக்கும் அந்த நகலுக்கும் இடையில் இருக்கும் பைண்டிங்சோர்ஸ், 2005-இல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 2.0 உடன் வந்தது. தற்போதைய வரிசை (ரோ) எது என்பதை அதுவே நினைவில் வைத்திருப்பதால், கிரிட்டில் வேறொரு வரிசையைச் சொடுக்கியவுடன் டெக்ஸ்ட்பாக்ஸ்களும் தாமாக மாறுகின்றன. இந்த வசதியைப் பார்த்துத்தான் சேமிப்பதும் தானாகவே நடக்கும் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள்.

ஒரு பொருளின் இருப்பு 40 என்பதை 45 ஆக மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கர்சர் அந்தப் பெட்டியை விட்டு வெளியேறி வேலிடேஷன் (மதிப்பைச் சரிபார்ப்பது) முடிந்த பிறகே 45 வரிசைக்குப் போகிறது. அங்கும் அது, திருத்தத்தை உறுதிசெய்யும் எண்ட்எடிட் மெத்தட் அழைக்கப்படும்வரை முன்மொழிவாகவே இருக்கும். எண்ட்எடிட் முடிந்ததும் அந்த வரிசை 40 என்ற மூல மதிப்பையும் 45 என்ற நடப்பு மதிப்பையும் சேர்த்தே வைத்துக்கொண்டு, 'மாற்றப்பட்டது' என்ற நிலைக்கு வருகிறது. கடைசியாக டேபிள்அடாப்டரின் அப்டேட்டை அழைத்தால்தான் எஸ்க்யூஎல் கட்டளை டேட்டாபேஸுக்குப் போகும். வழக்கமான அமைப்பில், இருப்பு இன்னும் 40 ஆகவே இருக்கிறதா என்று அந்தக் கட்டளை சரிபார்க்கும். இதற்குள் வேறொருவர் அதை மாற்றியிருந்தால் கன்கரன்சி பிழை (ஒரே தரவை இருவர் மாற்றியதால் வரும் பிழை) எழும். இதைத் தொல்லையாகக் கருத வேண்டாம், பிறர் செய்த திருத்தத்தை நீங்கள் அறியாமல் அழித்துவிடாதபடி காப்பது இதுவே.

ஆகவே சேமிக்கும் பட்டனில் வேலிடேட், எண்ட்எடிட், அப்டேட் என்று இதே முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாக அழையுங்கள். டூல்ஸ்ட்ரிப்பில் (கருவிப்பட்டையில்) உள்ள பட்டனைச் சொடுக்கினாலும் அது ஃபோகஸை எடுத்துக்கொள்ளாது, கர்சர் பழைய பெட்டியிலேயே இருக்கும் என்பதால், கடைசியாகத் தட்டிய பெட்டி வேலிடேட் ஆகாமலே நின்றுவிடும். வேலிடேட்டை முதலில் அழைப்பது அதற்காகத்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நான் ஒருமுறை இரண்டு மாலைகளை வீணாக்கினேன். டேட்டாபேஸ் கோப்பை ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே வைத்து, வெளியீட்டுக் கோப்புறைக்கு எப்போதும் நகலெடுக்குமாறு விட்டிருந்தேன். ஒவ்வொரு பில்டும் (செயலியைத் தொகுக்கும் ஒவ்வொரு முறையும்) நான் சேமித்ததன் மேல் பழைய கோப்பை எழுதிக்கொண்டிருந்தது. உங்கள் ப்ராஜெக்ட்டில் அந்த அமைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.