சாட்டை கட்டிய சுவரா?

கேள்வி: டெண்டர், வழக்கு, தடையுத்தரவு என்று ஒரு மேம்பாலத்துக்குப் பத்து வருஷம் ஆகிறது. சீனாவில் சின் ஷி ஹுவாங் என்ற ஒரே பேரரசன் சாட்டையைச் சுழற்றியே பெருஞ்சுவரைக் கட்டி முடித்தான். செத்தவர்களைச் சுவருக்குள்ளேயே போட்டு மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்களாம். 2,200 ஆண்டுகளாக நிற்கிறது. நிலாவிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. கண்டிப்பு இருந்தால்தான் காரியம் நடக்கும் என்று இனியாவது ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: நான்கு தகவல் சொல்லியிருக்கிறீர்கள். அதில் மூன்றரை தப்பு.

நிலாவை முதலில் முடித்துவிடுவோம். சுவரின் அடி அகலம் சுமார் 6 மீட்டர். நிலா இருப்பது 3,84,000 கிலோமீட்டர் தள்ளி. ஒரு தலைமுடியை 4 கிலோமீட்டருக்கு அப்பால் பிடித்துக்கொண்டு "தெரிகிறதா?" என்று கேட்பதற்குச் சமம் அது. நிலா வரைகூடப் போக வேண்டாம். 2003இல் பூமியைச் சுற்றிவந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவெய், தன் கண்ணுக்குச் சுவர் படவில்லை என்று ஊர் திரும்பியதுமே சொல்லிவிட்டார்.

அடுத்து, காலண்டரிலும் சுற்றுலா விளம்பரத்திலும் நீங்கள் பார்க்கும் செங்கல் சுவர் சின் ஷி ஹுவாங் கட்டியதே அல்ல. பெய்ஜிங்குக்குப் பக்கத்து பாடாலிங்கில் நிற்பது மிங் வம்சத்தார் (1368–1644) கட்டியது. அதையும் 1950களில் புதுப்பித்திருக்கிறார்கள். மிங் சுவரின் மொத்த நீளம் 8,851.8 கிலோமீட்டர் என்று 2009இல் அளந்து அறிவித்தார்கள். அதில் கையால் கட்டிய சுவர் 6,259.6 கிலோமீட்டர்தான், மீதி அகழியும், மலையும் ஆறும் தாமாகவே அரணாக அமைந்த இடங்களும். இதில் சுவர்மேல் எழும்பிய காவல் கோபுரங்களில் சுமார் 1,200 கோபுரங்கள், 1568இல் பொறுப்பேற்ற சி ஜிகுவாங் என்ற தளபதியின் வேலை. உங்கள் பேரரசன் இறந்து அப்போது 1,700 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அப்படியானால் அந்தப் பேரரசனின் சின் வம்ச காலத்தில் எதுவும் நடக்கவில்லையா? நடந்தது. கி.மு. 215இல் மெங் தியான் என்ற தளபதி 3 லட்சம் வீரர்களோடு வடக்கே போய் ஷியோங்னு என்ற நாடோடிகளின் குதிரைப்படையை விரட்டினான். ஏற்கெனவே சின், சாவ், யான் ஆகிய மூன்று நாடுகளும் தனித்தனியாகக் கட்டி வைத்திருந்த எல்லைச் சுவர்களைப் பழுது பார்த்து, இடைவெளிகளை அடைத்து இணைத்தான். உள் மங்கோலியாவின் குயாங் பக்கம் இன்றும் அதில் ஒரு பகுதியைப் பார்க்கலாம்: சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கியது. கல் கிடைக்காத இடங்களில் மண். அந்த மண் சுவர்களில் பெரும்பகுதி இன்று தேய்ந்துபோன வரப்பு மாதிரிதான் கிடக்கிறது. "நிற்கிறது" என்பதற்கு அரை மதிப்பெண் போட்டது இதற்காக.

பிணத்தைச் சுவரில் புதைத்த கதைக்கு வருவோம். மண் சுவர் எப்படி எழும்பும் என்று தெரிந்த எவரும் இதை நம்பமாட்டார்கள். இரண்டு பக்கமும் பலகை நிறுத்தி, கம்பு ஊன்றிக் கயிற்றால் இறுக்குவார்கள். நடுவே ஒரு சாணுக்குக் குறைவாக உதிரி மண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால் ஏறக்குறைய பாதியாகும் வரை இடிப்பார்கள். பிறகு அடுத்த படை. பலகை உயரம் நிறைந்ததும் கழற்றி மேலே ஏற்றிக் கட்டுவார்கள். எல்லாம் ஈரத்தில்தான் இருக்கிறது. மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கீழே போட்டால் உடைய வேண்டும். ஈரம் மிஞ்சினால் கட்டையில் ஒட்டும், காயும்போது சுருங்கி வெடிக்கும். ஈரம் போதாவிட்டால் படையும் படையும் பிடிக்காது. சுவர் முதலில் கெடுவது அடியில்: தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவரும், அந்த உப்பு பொரிந்து அடிமண்ணை உதிர்க்கும், மழைச்சாரல் மீதியைத் தின்னும். இப்படிப்பட்ட சுவருக்குள் ஓர் உடலைப் போட்டால் அது மக்கி உள்ளே பொந்து விழும். மேலே உள்ள மண் அதில் இறங்கும். எந்த மேஸ்திரியும் அதற்குச் சம்மதிக்கமாட்டார். ஆட்கள் ஏராளமாகச் செத்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. சுவருக்குள் எலும்பு கிடைத்ததில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது சாட்டைக்கு வருகிறேன். 1975இல் ஹூபெய் மாகாணத்து ஷுவெய்ஹுதியில், சின் ஆட்சியின் சிறு அதிகாரி ஒருவரின் கல்லறையில் 1,100க்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் கட்டாய வேலைக்கான சட்டம் இருக்கிறது. வேலைக்கு 3 முதல் 5 நாள் தாமதமாக வந்தால் வசவு. 6 முதல் 10 நாள் என்றால் ஒரு கேடயத்தின் விலை அபராதம். அதற்கும் மேல் போனால் ஒரு கவசத்தின் விலை. மழை பெய்து தடைப்பட்டால் அந்த வேலைக்கு ஆள் எடுப்பதையே விட்டுவிட வேண்டும். ஆட்கள் எழுப்பிய சுவர் ஒரு வருடத்துக்குள் விழுந்தால், வேலையை நடத்திய அதிகாரியும் அந்தச் சுவருக்குப் பொறுப்பானவரும் குற்றவாளிகள். அதே ஆட்கள் திரும்பக் கட்ட வேண்டும், அந்த நாட்கள் அவர்கள் கணக்கில் ஏறாது. இதைவிட எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்ற மதிப்பீட்டைக் கைவினைஞர் தனியாகப் போடக்கூடாது, பணி அதிகாரியும் சேர்ந்து போட வேண்டும். கணக்கு தவறினால் போட்டவர்கள்மீது வழக்கு. டெண்டரைக் கேலி செய்கிறீர்களே, அதன் பாட்டன் இதுதான்.

பெயர் பொறிக்கும் பழக்கமும் அப்படித்தான். சின் வெண்கல ஆயுதங்களில் முதலமைச்சர் லூ புவெய் தொடங்கி, பட்டறைத் தலைவர், துணைவர், கடைசியில் செய்த தொழிலாளி வரை பெயர் வெட்டியிருக்கிறது. பிற்காலத்தில் மிங் அரசும் நான்ஜிங் நகரச் சுவரின் செங்கற்களிலும் மாவட்ட அதிகாரி முதல் சூளைக்காரர் வரை பெயர் பதிய வைத்தது. கல் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தேட வேண்டியதில்லை.

சட்டம் இவ்வளவு துல்லியமாக இருந்தும் எங்கே முறிந்தது? சோற்றில். சுவர் வேலை பார்க்கும் கைதிக்குக் காலையில் அரை தோவ், மாலையில் மூன்றில் ஒரு தோவ் தானியம் என்று அதே சுவடி சொல்கிறது. ஒரு தோவ் ஏறக்குறைய 2 லிட்டர். 3 லட்சம் பேருக்கு இந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர். வறண்ட வடக்கு எல்லையில் அதை விளைவிக்க முடியாது. கிழக்குக் கடலோரத்திலிருந்து வண்டியில் வர வேண்டும். இழுக்கிற ஆளும் மாடும் வழியிலேயே தின்றுவிடும். எல்லையில் ஒரு பங்கு சேர, புறப்பட்ட இடத்தில் 192 பங்கு ஏற்ற வேண்டியிருந்தது என்று பின்னாளில் ஹான் வம்சத்துப் பேரரசர் வூவிடம் சூஃபு யான் என்பவர் மனுவில் எழுதினார். மிகைப்படுத்தியிருப்பார்தான். அதில் பத்தில் ஒரு பங்கு உண்மையானாலும் ஊர்க் களஞ்சியங்கள் தாங்காது.

பேரரசன் கி.மு. 210இல் இறந்தான். மறு வருடமே, எல்லைக் காவலுக்குப் போன 900 பேர் மழையில் சிக்கி நாள் தவறினார்கள். தலை போகும் என்று சொல்லி ச்சென் ஷெங், வூ குவாங் இருவரும் கலகத்தைத் தொடங்கினார்கள். சுவடியில் உள்ள அபராதம் கட்டட வேலைக்குத்தான், காவல் பணிக்கு விதி வேறு என்று வாதிடுபவர்கள் உண்டு. எப்படியானாலும் 900 பேரும் அந்தப் பேச்சை நம்பினார்கள். கி.மு. 206இல் வம்சமே இல்லை.

கடைசியாக, பேரரசன் தனக்காகக் கட்டத் தொடங்கிய எபாங் அரண்மனை. அதற்கும் லி மலையில் அவனுடைய கல்லறைக்குமாக 7 லட்சம் கைதிகளைப் பிரித்து அனுப்பியதாக ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் சிமா சியான் சொல்கிறார். சின் அரண்மனைகளுக்குக் கலகக்காரர்கள் வைத்த தீ மூன்று மாதம் எரிந்தது என்றும் எழுதினார். எபாங்கும் அதில் போனது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2002க்குப் பிறகு தோண்டிப் பார்த்தவர்களுக்கு எரிந்த மண் கிடைக்கவில்லை. 1,270 மீட்டர் நீளம், 426 மீட்டர் அகலத்தில் திமிசு போட்ட மேடை மட்டும் கிடைத்தது. அதன்மேல் அரண்மனை எழும்பவே இல்லை.