கூட்டம் நடந்தால்தான் தீர்மானம்: சங்க நிர்வாகம் பற்றி வாசகர் கேள்விகள்

சங்கமும் அறக்கட்டளையும் நடத்துகிறவர்கள் அனுப்பிய கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். நான்குமே சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்தவை. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டதால் அவர்களுடைய பெயர்களையும் அமைப்புகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: அம்மாப்பேட்டையில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்தும் பதிவு பெற்ற சங்கத்துக்கு நான் ஓராண்டாகச் செயலாளராக இருக்கிறேன். சங்கத்தைத் தொடங்கியவரே பதினெட்டு ஆண்டுகளாகத் தலைவர். கூட்டம் என்று எதுவும் நடப்பதில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் சமயத்தில் தீர்மானப் புத்தகம் வீடு வீடாக வரும். நாங்கள் ஒன்பது பேரும் கையெழுத்துப் போடுவோம். அவர் சங்கத்துப் பணத்தில் ஒரு காசு தொட்டவரல்லர். இதில் தவறு உண்டா? உண்டென்றால் அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில்: தவறு உண்டு. அதற்கும் தலைவரின் நேர்மைக்கும் தொடர்பில்லை என்பதை முதலில் நீங்கள் தெளிவாக்கிக்கொண்டால்தான் அவரிடம் தயங்காமல் பேச முடியும்.

உங்கள் சங்கத்தைக் கட்டுப்படுத்துவது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். அதன்படி செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அதே நபர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. ஆகவே ஒருவர் பதினெட்டு ஆண்டுகள் தலைவராக இருப்பது மட்டுமே குற்றமாகாது. பதினெட்டு ஆண்டுகளில் குறைந்தது ஐந்து முறையாவது அவர் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தேர்தல்களுக்கான பொதுக்குழுக் குறிப்பு இருக்கிறதா, செயற்குழுவில் நேர்ந்த மாற்றங்கள் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யப்பட்டனவா என்று பாருங்கள். இல்லையென்றால், இன்று எல்லாரும் ஒற்றுமையாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. தலைவருக்கு உடல்நலம் குன்றி, காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தை இன்னொருவருக்கு மாற்ற நேரும் நாளில்தான் வங்கி மேலாளர் பழைய தாள்களைக் கேட்பார். வகுப்பெடுக்கும் ஆசிரியைகளின் மாதச் சம்பளம் அந்த மேசையில் நின்றுபோகும்.

வீடு வீடாகக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இதைவிடக் கெட்டது. ‘மாலை நான்கு மணிக்குக் கூட்டம் கூடியது, ஒன்பது பேர் வந்திருந்தனர், ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதி, நடக்காத ஒன்றுக்கு ஒன்பது பேர் சாட்சி சொல்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் இப்படிச் சாட்சி சொன்னவன்தான். உறுப்பினராக இருந்த ஓர் அமைப்பின் தீர்மானப் புத்தகத்தை ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் புரட்டிக்கொண்டே வந்தார். ஆறு கூட்டங்களும் ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில், நடுவில் ஓர் அடித்தல்கூட இல்லாமல் இருந்தன. ஒரு தேதியில் விரலை வைத்து, “சார், இந்த மாசம் நீங்க கால்ல கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில இருந்ததா சொன்னாங்களே?” என்று தணிந்த குரலில் கேட்டார். அந்தத் தேதிக்கு நேராக என் கையெழுத்து இருந்தது. அன்றிலிருந்து, நான் உட்கார்ந்திராத கூட்டத்தின் குறிப்பில் பேனாவை வைப்பதில்லை.

மனம் நோகாமல் சொல்வதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும் முறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டறைக்காரருக்கு வெள்ளியைக் கொடுக்கும்போது எடை போட்டு நோட்டில் எழுதுவார்கள். கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை போட்டுச் சேதாரத்தைக் கழித்து எழுதுவார்கள். இருபது ஆண்டுப் பழக்கமுள்ளவராக இருந்தாலும் தராசு வெளியே வரும். ‘என்னைச் சந்தேகப்படுகிறாயா’ என்று அங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஏனென்றால் தராசு இருவரையும் காப்பாற்றுகிறது என்பது இருவருக்கும் தெரியும். இதையே தலைவரிடம் உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்: “ஐயா, நாளைக்கு யாராவது உங்களைக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல நம்மிடம் ஒரு தாளும் இல்லை.” பெரும்பாலான நிறுவனர்கள் இந்தக் கவலையை உள்ளுக்குள் ஏற்கெனவே வைத்திருப்பார்கள் என்பது என் அனுபவம்.

பிறகு குற்றப்பட்டியல் வாசிக்காமல், நாள்காட்டியைக் கொண்டுபோங்கள். வரும் ஆண்டுக்கு நான்கு தேதிகளை இப்போதே குறித்துவிடுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வாரம் முன்பே பேசவேண்டிய பொருள்களையும் இரண்டு தாள்களையும் எல்லாருக்கும் அனுப்புங்கள்: வங்கியிலும் கையிலும் இருக்கும் பணம் ஒரு தாளில், ஆண்டுத் தொடக்கத்தில் போட்ட திட்டத்துக்கும் இதுவரையான செலவுக்கும் உள்ள வேறுபாடு இன்னொன்றில். குறிப்பைக் கூட்டத்திலேயே எழுதி, அடுத்த கூட்டத்தின் முதல் வேலையாகப் படித்து உறுதி செய்யுங்கள். யாராவது மறுத்துப் பேசினால் அதையும், காரணத்தோடு, அவர் பெயரிட்டு எழுதுங்கள். எந்நேரமும் ‘ஏகமனதாக’ என்றே முடியும் புத்தகத்தை நான் நம்புவதில்லை. ஒன்பது பேருக்கு எல்லாவற்றிலும் ஒரே கருத்து இருக்குமானால் எட்டுப் பேர் யோசிக்கவில்லை என்றுதான் பொருள். பழைய ஆண்டுகளுக்கு மட்டும் இப்போது உட்கார்ந்து குறிப்பு எழுதிச் சேர்க்காதீர்கள். விடுபட்டதை விடுபட்டதாகவே பொதுக்குழுவின் முன்வைத்து, தாமதத் தாக்கலுக்கு என்ன வழி என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு முறைப்படுத்துவதே நல்லது.

கேள்வி: ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள மலைக்கிராமங்களில் வேலை செய்யும் சங்கத்தின் செயற்குழுவில் பதினொரு பேர். எட்டுப் பேர் சேலம் நகரவாசிகள்; மலையாளிப் பழங்குடியினரான நாங்கள் மூன்று பேர். கூட்டம் எப்போதும் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் உறுப்பினர் வீட்டில், மாலை ஐந்து மணிக்கு. கடைசிப் பேருந்தைப் பிடிக்க நாங்கள் பாதியில் எழுந்துவிடுகிறோம். மீதியை வாட்ஸ்அப்பில் போட்டு ஓகே கேட்கிறார்கள். கட்டைவிரல் படம் போட்டால் அது தீர்மானமாகிவிடுமா?

பதில்: உங்கள் பைலாவில், அதாவது சங்கத்தின் துணைவிதிகளில், அதற்கு இடமிருந்தாலொழிய ஆகாது. கம்பெனிச் சட்டத்தின் கீழ், அதாவது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவான லாப நோக்கற்ற கம்பெனிகளுக்கு, காணொளி வழியாகக் கூட்டத்தில் கலந்துகொள்ளவும், சில பொருள்களைச் சுற்றுக்கு விட்டு ஒப்புதல் பெறவும் சட்டத்திலேயே வழி சொல்லப்பட்டிருக்கிறது. அப்படிப் பெற்ற ஒப்புதலையும் அடுத்த கூட்டத்தின் குறிப்பில் பதிய வேண்டும். நம் சங்கங்களுக்குப் பைலாவே வழிகாட்டி. ஆகவே முதலில் பைலாவின் நகலை வாங்கிப் படியுங்கள். உறுப்பினராகிய உங்களுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. கேட்டதற்கு முகம் சுளித்தால் அதுவே ஒரு தகவல்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது கட்டைவிரல் படமன்று, ஐந்து மணி. யாருடைய ஊருக்காகச் சங்கம் நடக்கிறதோ அவர்கள் எழுந்துபோன பிறகு அந்த ஊரின் காரியம் முடிவாகிறது. கோரம், அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது இருக்க வேண்டிய ஆள் கணக்கில், எட்டுப் பேர் மிச்சமிருப்பதால் சட்டப்படி கூட்டம் செல்லுபடியாகலாம். செல்லுபடியாகிற கூட்டமெல்லாம் முறையான கூட்டம் என்று சொல்ல மாட்டேன். மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். ஒன்று, ஆண்டுக்கு இரண்டு கூட்டமாவது மலையில் நடக்கட்டும். எட்டுப் பேர் இரண்டு காரில் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வருவது, மூன்று பேர் பேருந்து மாறி இறங்கி வருவதைவிட எளிது. இன்னொன்று, காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வேலை நாளில் கூட்டம் வேண்டாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கும் ஓய்வூதியம் வாங்குகிறவருக்கும் மாலைப்பொழுது ஒன்றன்று. பேருந்துக் கட்டணத்தைச் சங்கம் கொடுப்பது தானமாகாது, அது நிர்வாகச் செலவு. மூன்றாவதுதான் முக்கியம்: மலைக்கிராம உறுப்பினர் ஒருவராவது இல்லாமல் கோரம் நிறைவாகாது என்று பைலாவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பைலா திருத்தத்துக்குப் பொதுக்குழுவின் சிறப்புத் தீர்மானமும் பதிவாளரிடம் பதிவும் தேவை. ஆறேழு மாதம் ஆகலாம். அந்த ஒரு வரி வந்துவிட்டால் கூட்ட நேரம் தானாக மாறும்.

கேள்வி: சூரமங்கலம் பக்கம் முதியோர் இல்லம் நடத்தும் அறக்கட்டளையில் நான் ஓர் அறங்காவலர். இல்லம் இருக்கும் கட்டடம் எங்கள் பொருளாளரின் மைத்துனருடையது. வாடகை 18,000 ரூபாய். இப்போது 26,000 கேட்கிறார். பொருளாளரே பேசி முடித்துவிட்டுச் சொன்னார். கேட்டால் குடும்பச் சண்டை ஆகிவிடுமோ?

பதில்: உறவினர் கட்டடத்தில் இல்லம் இருப்பது குற்றமில்லை. சொந்தக்காரர் என்பதால் குறைந்த வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்குபவர் பக்கமும் கொடுப்பவர் பக்கமும் ஒரே ஆள் உட்கார்ந்து பேசி முடித்ததுதான் இங்கே கோளாறு. பொருளாளர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ‘கட்டடம் என் மைத்துனருடையது’ என்று கூட்டத்தில் சொல்லி, அதைக் குறிப்பில் ஏற்றச் செய்து, அந்தப் பொருள் பேசப்படும் நேரத்தில் வெளியே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வருவது. மற்ற அறங்காவலர்கள் அதே தெருவில் அதே அளவுள்ள இரண்டு மூன்று கட்டடங்களின் வாடகையை விசாரித்து, எழுதி வைத்து, அதன்மேல் முடிவெடுக்க வேண்டும்.

இதை வலியுறுத்த உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. அறக்கட்டளையை நிறுவியவர், அறங்காவலர், அவர்களின் உறவினர் ஆகியோருக்கு நியாயமான அளவுக்கு மேல் பணம் போனால், வருமான வரித்துறை அதை அவர்களுக்கு அளித்த பலனாகவே பார்க்கும். அந்த அளவுக்கு வரி விலக்குப் போய்விடும். வரி விலக்குப் பதிவும் முன்போல நிரந்தரமன்று. 2021 ஏப்ரலுக்குப் பிறகு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. புதுப்பிக்கும்போது கணக்குகள் மறுபடி திறக்கப்படும் என்று சொன்னால் பொருளாளருக்கே புரியும். சண்டை அவருக்கும் உங்களுக்கும் இடையில் இல்லாமல், இருவருக்கும் பொதுவான ஒரு பயமாக மாறிவிடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல் பொது அறக்கட்டளைகள் அனைத்தையும் மேற்பார்க்க அற ஆணையர் ஒருவரை அமர்த்தும் பொதுச் சட்டம் நம் மாநிலத்தில் இல்லை. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்வதோடு சரி. அதன்பின் ஆண்டுதோறும் உங்களைக் கேட்க அங்கே ஆளில்லை. நிர்வாகம் தடம் புரண்டால், அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டோரோ நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடரலாம். அது நெடுங்காலம் இழுக்கும். ஆகவே கேட்க வேண்டியவர்கள் அறங்காவலர்களாகிய நீங்களே. பத்திரத்தில் உறவினர் பரிவர்த்தனை பற்றி ஒன்றும் இல்லையென்றால், ஒரு பக்கத்தில் தனி நடைமுறை எழுதி எல்லா அறங்காவலரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சம்பளத்துக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். செயற்குழு உறுப்பினர்கள் ஏழு பேரும் தனித்தனியாகத் தொலைபேசியில் வேலை சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றுகிறார். போன மாதம் ஆம்புலன்ஸை ஒருவர் குடும்பத்தோடு கோயிலுக்குக் கேட்டார். நான் என்ன செய்வது?

பதில்: செயற்குழுவுக்கு அதிகாரம் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே. கூட்டம் கலைந்தபின் அவர்களில் ஒவ்வொருவரும் நலம் விரும்பிதான், முதலாளி அல்லர். உங்களுக்கு உத்தரவு தர ஒருவரை, வழக்கமாகச் செயலாளரை, குழுவே எழுத்தில் குறித்துத் தர வேண்டும். அதுவரை வரும் ஒவ்வொரு தொலைபேசி உத்தரவையும் ‘இன்று காலை நீங்கள் சொன்னபடி இதைச் செய்கிறேன்’ என்று செயலாளருக்கும் சேர்த்து ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள். இரண்டு வாரத்தில் பாதி உத்தரவுகள் நின்றுவிடும்.

ஆம்புலன்ஸுக்கு ஓட்டப் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளையே ஒரு நோட்டு வாங்கி, தேதி, கிளம்பிய கிலோமீட்டர், திரும்பிய கிலோமீட்டர், காரணம், பயணம் செய்தவர் கையெழுத்து என்று ஐந்து பத்தி போடுங்கள். அடுத்த முறை கோயிலுக்குக் கேட்டால் மறுக்க வேண்டாம். நோட்டை நீட்டிக் காரணத்தை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.