மழை அபஸ்வரம் பாடுமா?

கேள்வி: ஜான் கேஜ் என்ற அமெரிக்கரின் உருப்படி ஒன்றில், பியானோக்காரர் நாலரை நிமிடம் ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போகிறாராம். இது இசை என்றால் என் வீட்டு மிக்ஸி சத்தமும் இசைதானே?
- வாசகர், திருச்சி

பதில்: நாலரை இல்லை, 4 நிமிடம் 33 விநாடி. தலைப்பே அதுதான். மூன்று விநாடிக்காக மல்லுக்கு நிற்கிறேனே என்று பார்க்காதீர்கள், அந்த உருப்படியில் எழுதி வைத்திருப்பதே நேரக் கணக்கு ஒன்றைத்தான். மூன்று பகுதிகள்: 33 விநாடி, 2 நிமிடம் 40 விநாடி, 1 நிமிடம் 20 விநாடி. ஒவ்வொன்றுக்கும் ‘டாசெட்’ என்ற ஒரே சொல். வாசிக்காமல் இரு என்று வாத்தியக்காரருக்கு வழக்கமாகக் கொடுக்கும் குறிப்பு அது.

1952 ஆகஸ்ட் 29 அன்று, நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில், மாவெரிக் அரங்கில் டேவிட் டியூடர் இதை முதலில் நிகழ்த்தினார். பகுதி தொடங்கும்போது பியானோ மூடியைச் சாத்துவார், முடியும்போது திறப்பார், நடுவில் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொள்வார். முதல் பகுதியில் வெளியே காற்று, இரண்டாவதில் கூரைமேல் மழைத்துளி, மூன்றாவதில் ஜனங்கள் முணுமுணுத்தபடி எழுந்து போன சத்தம் என்று கேஜே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவர் கேட்க வைக்க நினைத்ததும் இதைத்தான். ஆகவே மோசடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதை நிகழ்த்துவது சுலபம் என்றும் நினைக்க வேண்டாம். பியானோக்காரர் முகத்தில் கொஞ்சம் பாவனை காட்டினால் போதும், சபை சிரித்துவிடும். கண் அவர்மேல் போய்விடும், காது தூங்கிவிடும். அறிவிப்பாளர் ‘மௌனம்’ என்று சொல்லிவிட்டாலோ இன்னும் மோசம். அஞ்சலிக் கூட்டம் மாதிரி எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள்.

ஆனால் இது இசையா? இல்லை என்பதே என் கட்சி. ஸ்டீபன் டேவிஸ் என்ற தத்துவப் பேராசிரியரும் இதை இசையில் சேர்க்காமல் நாடகத்தில் சேர்க்கிறார். என் காரணம் வேறு. ஒலியில் தப்பு நடக்க வாய்ப்பிருக்கிறதா என்று பார்ப்பேன். ஜலதரங்கக் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் கூடட்டும், அந்த ஸ்வரம் இறங்கிவிடும். முன்வரிசையில் யாராவது முகம் சுளிப்பார்கள். கல்யாணி ராகத்தில் ‘ம’வின் உயர்ந்த வகையான பிரதி மத்தியமம் விழ வேண்டிய இடத்தில் தாழ்ந்த வகையான சுத்த மத்தியமம் விழுந்தால் சங்கராபரணம் என்ற வேறு ராகம் எட்டிப் பார்க்கும். கேஜின் உருப்படியிலோ பியானோக்காரர் தப்புச் செய்யலாம்: கட்டையைத் தட்டிவிடலாம், கடிகாரத்தைப் பார்க்க மறக்கலாம். மழை தப்புச் செய்ய முடியாது. இருமினாலும் சரி, வெளியே ஆரன் அடித்தாலும் சரி. அபஸ்வரத்துக்கு இடமே இல்லாத இடத்தில் ஸ்வரம் எங்கிருந்து வரும்?

‘நம் தாளத்தில் கையைத் திருப்பிப் போடும் வீச்சுக்கும் சத்தம் இல்லையே’ என்று யாராவது கிளம்பி வருவார்கள். வரட்டும். ஆதி தாளத்தின் 8 அட்சரத்தில், அதாவது 8 எண்ணிக்கையில், கை இரண்டு முறை சத்தமில்லாமல் திரும்புகிறது. அந்தத் திருப்பம் அரை அட்சரம் தள்ளிப் போகட்டும், பல்லவியின் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், நொண்டும். அந்த மௌனத்தில் தப்பு நடக்கும். அதனால் அது இசைக்குள்தான் இருக்கிறது.

மிக்ஸியை அது மிக்ஸி என்பதற்காகத் தள்ள மாட்டேன். பானை, கடமாகி மேடை ஏறவில்லையா? உங்கள் மிக்ஸியில் மூன்று வேகம் இருக்கும். எந்த வேகம் எத்தனை விநாடி, எங்கே நிறுத்தம் என்று எழுதி வையுங்கள். வீட்டில் இன்னொருவர் அதைப் பார்த்து மிக்ஸியைத் திருப்பும்போது ‘இங்கே தப்பு’ என்று உங்களால் சொல்ல முடிந்தால் அது இசை. தேங்காய் அரைபட்டதா என்று எட்டிப் பார்த்தீர்களானால், சட்னி.