யார் எழுதிய புரோகிராம்?

அன்புள்ள சார்,

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை நான். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரைச் சேர்த்து ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற, பிள்ளைகளே லெகோவில் ரோபோ செய்து ஓட்டும் போட்டிக்குத் தயார் செய்கிறேன். கிட், முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்தது. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ரோபோ காலையில் நேராகப் போகிறது, மதியம் கோணிக்கொண்டு போகிறது. தாளாளர் மதுரையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைக்கலாம் என்கிறார். இருபத்தைந்தாயிரம் கேட்கிறாராம், புரோகிராமையும் அவரே எழுதிக் கொடுத்துவிடுவாராம். எல்லாப் பள்ளியிலும் இப்படித்தானாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எனக்கே கோடிங் தெரியாது. பிள்ளைகள் தோற்றுவிட்டால் என் பிடிவாதத்தால்தான் என்று ஆகிவிடாதா?

பெயர் வேண்டாமே.

*

அன்புள்ள டீச்சர்,

வேண்டாம். புரோகிராம் எழுதித் தருபவர் வேண்டவே வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை, ஏனென்றால் அந்த வேலையைச் செய்தவனே நான்தான்.

சில வருடங்களுக்கு முன் என் அக்கா மகன் இருந்த அணிக்கு உதவப் போனேன். முதல் இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் நாள் நெருங்க நெருங்கப் பொறுமை போய், பையன்கள் வீட்டுக்குப் போனபிறகு ராத்திரி உட்கார்ந்து நானே எழுத ஆரம்பித்தேன். காலையில் வந்து பார்த்தால் ரோபோ அழகாக ஓடும், அவர்களும் கைதட்டுவார்கள். போட்டியன்று ஹாலில் ரோபோ கிளம்பியது, வெள்ளைக் கோட்டில் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் நேரே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கலர் சென்சார், தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை நூற்றுக்கு இத்தனை என்று காட்டும். எங்கள் வீட்டு மேஜையில் வெள்ளைக்கு 85 காட்டியது அந்த ஹாலில் 60-தான் காட்டியிருக்கிறது, நானோ '70-க்கு மேல் போனால் நில்' என்று எழுதியிருந்தேன். விளக்கா, மேஜை விரிப்பின் பளபளப்பா, சென்சாரை நான் உயரத்தில் மாட்டியதா, எது காரணம் என்று இன்றுவரை ஆராயவில்லை. அந்த 70-ஐ 50 ஆக்கினால் போதும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் பயிற்சியாளர் மேஜைப் பக்கம் போகக்கூடாது. அடுத்த சுற்றுக்குள் எங்கே மாற்றவேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்திருக்கலாம், லேப்டாப்பைத் திறந்தும் வைத்திருந்தார்கள். யாருக்கும் அந்த எண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அக்கா மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

சரி, தாளாளருக்குப் புரியும் கணக்கிலேயே சொல்கிறேன். மேஜையில் ரோபோ ஓடுவது இரண்டரை நிமிடம், அதில் எடுக்கும் புள்ளிக்கு மொத்த மதிப்பீட்டில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு பெரும்பாலும் நடுவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசுவதில் இருக்கிறது: ரோபோ வடிவமைப்பு, இன்னொவேஷன் புராஜெக்ட் (ஒரு பிரச்சினைக்குப் பிள்ளைகள் யோசிக்கும் தீர்வு), அப்புறம் கோர் வேல்யூஸ் என்று அவர்கள் சொல்கிற கூடிவேலைசெய்யும் பண்பு. 'இந்தக் கையை ஏன் இப்படி மாட்டினீர்கள், இதற்கு முன்னால் எப்படி இருந்தது?' என்று கேட்பார்கள். காசு கொடுத்து வாங்கிய ரோபோவுக்கு 'முன்னால்' என்று ஒன்று கிடையாதே.

உங்களுக்குக் கோடிங் தெரியாதது பெரிய வசதி. ராத்திரி உட்கார்ந்து எழுத ஆசை வராது பாருங்கள். கட்டம் கட்டமாக இழுத்துப்போடும் புரோகிராம்தான், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வாரம் போதும். நீங்கள் இயற்பியல் டீச்சர், உங்கள் வேலை வேறு. லெகோவின் ஸ்பைக் கிட்டில் சின்னச் சக்கரத்தின் விட்டம் 56 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்குச் சுமார் 17.6 சென்டிமீட்டர் நகரும். அப்படியானால் 40 சென்டிமீட்டர் போக எத்தனை டிகிரி சுழலவேண்டும் என்று போர்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'இரண்டு விநாடி ஓடு' என்று எழுதி வைத்திருந்தால் அதை அன்றைக்கே அழித்துவிடுவார்கள்.

அந்த மதியக் கோணலுக்கு வருகிறேன். எனக்கு மூன்று சந்தேகம், பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஒன்று, மோட்டாரை முழு வேகத்தில், அதாவது 100 சதவீதத்தில் விரட்டுகிறார்கள், மதியம் சார்ஜ் இறங்கியதும் இரண்டு சக்கரமும் சொன்ன வேகத்தை ஒன்றுபோலப் பிடிக்க முடியவில்லை. 50, 60-ல் ஓட்டினால் அந்தத் தொல்லை குறையும். இரண்டாவது, காலையிலிருந்து ஓடி டயரில் தூசி படிந்து வழுக்குகிறது (உங்கள் ஊர்ப் புழுதி எனக்குத் தெரியும்). மூன்றாவது, ஜன்னல் வெயில் மேஜையில் விழுந்து சென்சாரைக் குழப்புகிறது. கண்டுபிடிக்க வழி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பத்து முறை ஓட்டி, நோட்டில் எழுதவேண்டும். பிள்ளைகள் மூன்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டு 'சரியாயிடுச்சு டீச்சர்' என்று குதிப்பார்கள், அங்கேதான் நீங்கள் பிடிவாதம் பிடிக்கவேண்டும். அந்த நோட்டு நடுவர் அறைக்கும் போகட்டும்.

இருபத்தைந்தாயிரத்தை வேண்டாம் என்று சொல்லவேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் ஆசாரியை வைத்து எட்டுக்கு நாலு பிளைவுட்டில் சட்டம் அடித்து ஒரு மேஜை, ஒரு உபரி பேட்டரி, போகவர வண்டிச் செலவு. மிச்சம் இருந்தால் அந்த மதுரைக்காரரையே இரண்டு சனிக்கிழமை கூப்பிடுங்கள், ஆனால் லேப்டாப்பைத் தொடக்கூடாது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். அதற்கு அவர் சம்மதித்தால் நல்ல ஆள் என்று அர்த்தம்.

தோற்றால் என்ன என்று கேட்டீர்கள். முதல் வருடம், தோற்க வாய்ப்பு அதிகம்தான், அதைத் தாளாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மதியக் கோணலுக்குக் காரணம் கிடைத்ததும் எழுதுங்கள். நான் டயர் தூசி மேல் பந்தயம் கட்டுகிறேன்.