ஆஸ்பத்திரிப் பையும் அட்மிஷன் கிட்டும்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் தங்கப் போகிறவர்களும் தங்கித் திரும்பியவர்களும் எழுதியவை. நீளமான கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன், சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி. இரண்டு, மூன்று நாள் தங்க வேண்டியிருக்குமாம். ஆன்லைனில் ‘ஹாஸ்பிடல் பேக், 42 பொருட்கள்’ என்று 2,499 ரூபாய்க்கு இருக்கிறது. வாங்கலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். அந்த 42-ல் இயர் பட்ஸும் சேஃப்டி பின்னும்கூடக் கணக்கில் வரும். பீரோவையும் சமையலறையையும் திறந்தாலே உங்கள் பை நிறைந்துவிடும்.

முன்பக்கம் பட்டன் வைத்த பருத்தி நைட்டி மூன்று எடுத்து வையுங்கள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது தலை வழியாக எதையும் மாட்ட முடியாது. புதுசு தைக்க வேண்டாம், துவைத்துத் துவைத்துத் தளர்ந்ததுதான் நல்லது. லேப்ராஸ்கோப்பியில் பெரும்பாலும் ஒரு துளையைத் தொப்புளை ஒட்டியே போடுவார்கள். பாவாடை நாடாவும் இறுக்கமான எலாஸ்டிக்கும் சரியாக அந்தத் தையல் மேல்தான் உட்காரும். அதனால் வீடு திரும்பும் நாளுக்கும் புடவை வேண்டாம், நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டா போதும். செருப்பு வழுக்காததாக இருக்க வேண்டும். வார்டுத் தரையை எந்த நேரத்தில் துடைப்பார்கள் என்று சொல்ல முடியாது. அப்புறம் பிரஷ், பேஸ்ட், சீப்பு, துண்டு, ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன். அவ்வளவுதான்.

அம்மா தினமும் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் எடுத்துப் போங்கள். காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த டப்பாவில் உதிர்த்துக் கொண்டுபோனால், எது பிரஷர் மாத்திரை, எது சர்க்கரை மாத்திரை என்று நர்ஸுக்கு எப்படித் தெரியும்? பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஆதார், இன்ஷூரன்ஸ் அட்டை எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஃபைல் நோயாளியின் பையில் வேண்டாம். கூட இருப்பவர் கையில் இருக்கட்டும்.

நகையை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் சதையை வெட்டவும் ரத்தக்கசிவை நிறுத்தவும் மின்சாரத்தில் இயங்கும் காட்டரி கருவி பயன்படுத்துவார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடும் அபாயம் உண்டு. பல வருடமாகக் கழற்றாத மூக்குத்தியின் திருகாணி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகு கழறாது. இரண்டு நாள் முன்பே பொற்கொல்லரிடம் போய் எடுத்துவிடுங்கள். தாலிச் சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வது எல்லா ஆஸ்பத்திரிக்கும் பழக்கமான விஷயம்தான்.

உங்களுக்கென்று ஒரு கனமான போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டெண்டருக்குத் தரும் ரெக்சின் சோபா ஏசி அறையில் நடுராத்திரி எப்படி இருக்கும் என்று படுத்தவர்களுக்குத் தெரியும். சார்ஜர் வயர் நீளமானதாக இருக்கட்டும். ப்ளக் பாயிண்ட் எப்போதும் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால்தான் இருக்கும்.

கேள்வி: எனக்கு நாளை மறுநாள் கண்புரை ஆபரேஷன். டிராலி பெட்டி பெரியதாக வாங்குவதா, சின்னதா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடும் ஆபரேஷன் அது. பெட்டி எதற்கு? முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரி. சேர்ந்ததுமே ‘அட்மிஷன் கிட்’ என்று ஒரு பை கொடுத்தார்கள். இலவசம் என்று நினைத்தோம். பில்லில் 1,150 ரூபாய். இன்ஷூரன்ஸ்காரர்கள் அதற்குப் பணம் தர முடியாது என்கிறார்கள். யார் ஏமாற்றுகிறார்கள்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உட்காருங்கள் ஐயா, இதற்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையில் என்ன இருந்திருக்கும் என்று பார்க்காமலே சொல்கிறேன். விரல் நீளத்துக்கு ஒரு பேஸ்ட், பல் உடைந்துபோகும் ஒரு சீப்பு, சின்ன சோப்பு, காகிதத்தில் செய்தது போல ஒரு செருப்பு, டிஷ்யூ பேப்பர், பிளாஸ்டிக் மக், ஒரு தெர்மாமீட்டர். இதே மாதிரி ஒரு மக் என் வீட்டுக் குளியலறையிலும் இருக்கிறது. நான் காசு கொடுத்து வாங்கிய மக்குகளிலேயே விலை உயர்ந்தது அதுதான்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்வதில் தவறில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சில பட்டியல்களை வகுத்திருக்கிறது. உங்கள் பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அவை இணைப்பாக இருக்கும், யாரும் படிக்காத பக்கங்கள். அதில் ஒரு பட்டியல், அறை வாடகைக்குள்ளேயே அடங்கிவிடும் பொருட்களைப் பற்றியது. சீப்பு, பேஸ்ட், பிரஷ், செருப்பு, டிஷ்யூ பேப்பர், நோயாளிக்குப் போடும் கவுன், கையில் கட்டும் பெயர்ப் பட்டை, ஃபைல் திறக்கும் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம் எல்லாம் அதில் உண்டு. ‘அட்மிஷன் கிட்’ என்று பெயர் சொல்லியே இருக்கிறது! அதாவது நீங்கள் அறைக்குக் கொடுக்கும் வாடகையிலேயே இதெல்லாம் சேர்த்தி. அதனால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் தனியாகத் தராது. ஆஸ்பத்திரியோ வாடகையையும் வாங்கிக்கொண்டு கிட்டுக்கும் தனியாக பில் போடுகிறது. இரண்டு பேருக்கும் நடுவில் கைக்காசை எடுத்து வைப்பது நோயாளியின் வீட்டுக்காரர்.

இன்னொரு பட்டியலும் உண்டு. அதில் உள்ளவற்றுக்கு, உங்கள் பாலிசி தனியாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழியப் பணம் கிடைக்காது. டயப்பர், வயிற்று பெல்ட், க்ரேப் பேண்டேஜ், தெர்மாமீட்டர், மினரல் வாட்டர், கையுறை எல்லாம் அங்கே. உள்ளே என்ன இருக்கிறது என்று விவரம் சொல்லாத எந்தக் கிட்டும் அதில் சேரும். பில்லில் வெறுமனே ‘ரெக்கவரி கிட்’ என்று ஒரு வரி இருந்தால் அந்தத் தொகை உங்கள் தலையில்தான்.

ஆகவே சேரப் போகிறவர்கள் அட்மிஷன் கவுண்டரிலேயே, “கிட் வேண்டாம், எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறோம்” என்று சொல்லிவிடுங்கள். எஸ்டிமேட் சீட்டிலேயே அதை எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. அதையும் மீறிக் கட்டில் மேல் பையை வைத்துவிட்டுப் போனால் பிரிக்காமல் நர்ஸ் ஸ்டேஷனில் திருப்பிக் கொடுங்கள். பிரித்துவிட்டால் அப்புறம் பேச முடியாது.

நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். பொருள்வாரியாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள். அட்மிஷன் கிட் அறை வாடகையில் அடங்கியது என்று பாலிசி இணைப்பின் நகலோடு ஆஸ்பத்திரி பில்லிங் மேலாளருக்கு எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில், எழுத்தில் கேட்டாலே தொகையைக் கழித்துவிடுகிறார்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். 1,150 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்பீர்கள். எல்லாரும் அப்படி நினைத்து விட்டுவிடுவதை நம்பித்தான் அந்தப் பை ஒவ்வொரு கட்டிலுக்கும் வருகிறது.

கேள்வி: வெந்நீருக்கு எலெக்ட்ரிக் கெட்டில் எடுத்துப் போகலாமா? நல்ல ஃபிளாஸ்க் எது என்றும் சொல்லுங்கள்.
— வாசகி, ஈரோடு

பதில்: கெட்டில் கூடாது. பல ஆஸ்பத்திரிகளில் விடமாட்டார்கள். விட்டாலும், 1,500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். கட்டில் பக்கத்து ப்ளக் பாயிண்ட் பெரும்பாலும் ஆறு ஆம்பியருக்கானதுதான். பக்கத்துக் கட்டில்காரருக்கு அதே வரிசையில் ஏதாவது மெஷின் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஃபிளாஸ்க் விஷயத்தில் நான் அனுபவசாலி. ‘24 மணி நேரம் சூடு’ என்று அச்சடித்த ஒன்றை வாங்கினேன், ராத்திரி பத்து மணிக்கு அதில் இருந்தது குளிப்பாட்டும் பதத்துத் தண்ணீர். இப்போது வாங்கியதும் ஒரு சோதனை செய்கிறேன். கொதிக்கும் நீரை நிரப்பி மூடி, கால் மணி நேரம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். மூடிக்குக் கீழே உள்ள உடல் பகுதி சுட்டால் நடுவில் வெற்றிடம் இல்லை என்று அர்த்தம். அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடிக் குடுவை வைத்த ஃபிளாஸ்க் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன். முன்கூட்டியே நான்கு பாக்கெட் டயப்பர் வாங்கினேன், பேண்ட் மாடல், ஆஃபரில் கிடைத்தது. சிறுநீருக்கு டியூப் போட்டுவிட்டதால் அது தேவைப்படவில்லை. அளவும் சின்னது. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். எப்படிப் பணத்தை வாங்குவது?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: வாங்க முடியாது. கடைக்காரர் என்ன தப்பு செய்தார்? பொருளில் குறை இல்லை, நீங்கள் கேட்டதைக் கொடுத்திருக்கிறார். இடுப்பு ஆபரேஷன் முடிந்து அசையாமல் படுத்திருப்பவருக்குக் காலை நுழைத்து மேலே இழுக்கும் பேண்ட் மாடலை எப்படிப் போடுவதாக இருந்தீர்கள்? படுத்தபடியே இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் மாடல்தான் அவர்களுக்கு. அளவு இடுப்புச் சுற்றளவை வைத்து, அது பாக்கெட் மேலேயே சென்டிமீட்டரில் போட்டிருக்கும். தையல்காரர் டேப்பால் ஒரு முறை அளந்திருக்கலாம். ஆஃபர் என்றால் அளவு பார்க்க வேண்டாமா? ஒரு பாக்கெட் வாங்கிப் போய், தேவைப்பட்டால் அடுத்ததை ஆஸ்பத்திரி வாசல் மெடிக்கலில் வாங்கலாம். பிரிக்காத பாக்கெட்டுகளை ஏதாவது முதியோர் இல்லத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரி மெடிக்கல் ஷாப்பிலேயே வயிற்று பெல்ட் வாங்க வேண்டும் என்றார்கள், 1,380 ரூபாய். அதே கம்பெனி பெல்ட் வெளியே 700 ரூபாய். இது சட்டப்படி சரியா?
— வாசகி, மதுரை

பதில்: கோபம் நியாயமானது. ஆனால் முதலில் டப்பாவைப் பாருங்கள். அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கியிருந்தாலும் குற்றம். டப்பாவிலேயே 1,380 என்று போட்டிருந்து, வெளியே தள்ளுபடியில் 700-க்குக் கொடுக்கிறார்கள் என்றால் விலையைக் காட்டி மட்டும் பிடிக்க முடியாது. இரண்டு டப்பாவிலும் அச்சிட்ட விலையே வேறு வேறாக இருந்தால் கதை மாறும். ஒரே மாதிரியான பொட்டலத்துக்கு இரண்டு விதமாக விலை அச்சிடுவதற்கு 2018 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது. இரண்டையும் போட்டோ எடுத்து, தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளர் துறைக்கு அனுப்புங்கள்.

“இங்கேதான் வாங்க வேண்டும்” என்ற கட்டாயத்தைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச்சில் நீதிமன்றம், இதற்குக் கொள்கை வகுப்பது மாநில அரசுகளின் வேலை என்று சொல்லி முடித்துவிட்டது. ஆகவே இப்போதைக்கு வாயைத் திறந்து கேட்பதுதான் வழி. பெல்ட் அவசர மருந்து அல்ல. “சீட்டில் அளவை எழுதிக் கொடுங்கள், சாயங்காலம் வாங்கி வருகிறேன்” என்றால் பெரும்பாலான டாக்டர்கள் எழுதித் தருவார்கள்.

கேள்வி: தியேட்டருக்குள் போகும்போது என் அக்காவின் தோட்டை ஊழியர் ஒருவர் கழற்றிப் பஞ்சில் சுற்றி வாங்கிக்கொண்டார். திரும்பி வரவில்லை. ‘உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற போர்டைக் காட்டுகிறார்கள். அக்கா அழுதுகொண்டே இருக்கிறார்.
— வாசகி, விழுப்புரம்

பதில்: அக்காவிடம் சொல்லுங்கள், தப்பு அவர் மேல் இல்லை. மயக்கத்துக்குப் போகப் போகிறவர் வேறு யாரிடம் கொடுப்பார்? நோயாளி அலமாரியில் வைத்துத் தொலைத்த பொருள் வேறு. ஊழியர் கையில் வாங்கிக்கொண்டது வேறு. போர்டைக் காட்டி இரண்டையும் ஒன்றாக்க விடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு நகல் வாங்குங்கள். தியேட்டருக்கு அனுப்புமுன் நர்ஸ் நிரப்பும் படிவத்தில் நகை கழற்றியதைப் பற்றி ஒரு வரி இருக்கும், கேஸ் ஷீட் நகலைக் கேளுங்கள். அந்த நேரத்து சிசிடிவி பதிவை அழிக்க வேண்டாம் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தோடு வாங்கிய ரசீதோ, அதைப் போட்டிருந்த கல்யாணப் போட்டோவோ இருந்தால் எடுத்து வையுங்கள்.

கேள்வி: காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் என்றார்கள். பையைக் கட்டி உட்கார்ந்தோம். இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வர ராத்திரி ஆகிவிட்டது. கூடுதல் ஒரு நாள் வாடகை கேட்டார்கள், கட்டினோம்.
— வாசகர், சேலம்

பதில்: ஏன் கட்டினீர்கள்? ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கோரிக்கையை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024-ல் ஐஆர்டிஏஐ போட்ட விதி. அதற்கு மேல் தாமதமானால் கூடுதல் செலவு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் ஆஸ்பத்திரி எத்தனை மணிக்குக் கோரிக்கை அனுப்பியது என்று பாருங்கள். பல நேரங்களில் பத்து மணிக்கு “டிஸ்சார்ஜ்” என்று சொல்லிவிட்டு, பில்லை மாலை நான்கு மணிக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். நேரம் தெரிந்தால்தான் யாரிடம் சண்டை போடுவது என்று தெரியும்.

கேள்வி: ஆபரேஷன் ஆன உறவினரைப் பார்க்கப் போகிறேன். ஹார்லிக்ஸா, ஆப்பிளா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: நோயாளிக்கு அன்று அநேகமாகக் கஞ்சிதான். கூட இருப்பவர் மதியம் சாப்பிட்டாரா என்று போன் செய்து கேளுங்கள். சாம்பார் சாதம் ஒரு டப்பா, இலை, தண்ணீர் பாட்டில். பார்வையாளர் நேரம் எத்தனை மணிக்கு என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.