அகமதாபாத்தில் நாலு மணி நேரம், அம்மாவுக்கு முழங்கால் வலி

காலை 6 மணிக்கு காலுப்பூர் ஸ்டேஷன்ல இறங்கி 10 மணிக்கு அடுத்த ரயில், முழங்கால் வலி உள்ள அம்மாவோட பழைய நகரம் பார்க்க முடியுமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா முடியும். எல்லாத்தையும் பார்க்கணும்னு மட்டும் ஆசைப்படாதீங்க.

பெட்டியை கிளோக் ரூமில் போட்டுட்டு, சுவாமிநாராயண் கோயில் வரை ஆட்டோ பிடிங்க. 1822-ல் கட்டினது, மர வேலைப்பாட்டை நின்னு பாருங்க. அங்கிருந்து ஜும்மா மசூதி வரை 'போல்'னு சொல்ற பழைய குடியிருப்புகளோட குறுகலான சந்துகள் வழியா நடை. மாநகராட்சி வழிகாட்டியோட கூட்டமா கூட்டிட்டுப் போற ஹெரிடேஜ் வாக்கும் ஏறக்குறைய இதே வழிதான், ஆனா கூட்டத்தோட வேகத்துக்கு அம்மாவால ஈடுகொடுக்க முடியாது, தனியாவே போங்க. பழைய வீட்டு வாசல்ல நம்ம ஊர் திண்ணை மாதிரியே 'ஓட்லோ' இருக்கும். வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அம்மாவை உட்கார வைங்க. எதிரே சபுத்ரோ இருந்தா இன்னும் நல்லது: தூண் மேல மரக்கூண்டு, பறவைக்குத் தானியம் போடற இடம். நான் அப்படி ஒண்ணுகிட்டயே அரை மணி நேரத்தைத் தொலைச்சேன்.

1424-ல் கட்டின மசூதி முற்றத்துல 8 மணிக்கு முன்னாடி நின்னா அமைதியா இருக்கும். மானெக் சௌக்ங்கிற சந்தைச் சதுக்கம் பக்கத்துலதான், ஆனா பேர்பெற்ற தீனிக் கடைகள் ராத்திரிக்குத்தான். ஃபாஃப்டா (கடலைமாவுல பொரிச்ச மொறுமொறு பட்டை), ஜிலேபி சாப்பிட்டுட்டு 9 மணிக்கெல்லாம் ஆட்டோ ஏறிடுங்க.